யுவராணியின் அனுபவ உரை

அந்தக் குக்கரை மடியில் வைத்துக்கொள்ளாதீர்கள் அக்கா. கீழே, கால் பக்கத்தில் வைத்துவிடுங்கள். இந்த டிரைவர் போடுகிற பிரேக்கைக் காஞ்சிபுரத்திலிருந்து பார்த்துக்கொண்டுதானே வருகிறீர்கள். முன் சீட்டுக் கம்பிக்கும் உங்கள் வயிற்றுக்கும் நடுவில் குக்கர் மாட்டினால் என்ன ஆகும்? பயமுறுத்தவில்லை, பழக்கதோஷம். ஒரு வருடம் இதுதான் என் உத்தியோகம். எது யார் தலையில் விழும், எது யார் கையை வாங்கும் என்று பார்த்துக்கொண்டே இருப்பது. கல்யாண வீட்டுக்குப் போனால்கூட மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால் சீரியல் பல்பு வயர் எங்கே ஓடுகிறது என்றுதான் என் கண் போகும். அம்மா என்னை விசேஷங்களுக்குக் கூட்டிப்போவதையே விட்டுவிட்டாள்.

நீங்களும் வந்தவாசிதானே? நல்லதாயிற்று. நான் அங்கே இறங்கி இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். யுவராணி ஊருக்கு. யுவராணி என் தோழி. தோழி என்று நான் சொல்கிறேன். அவள் என்ன சொல்வாள் என்று தெரியாது. பொங்கலுக்கு முன்னாலிருந்தே அவள் என் போனை எடுக்கவில்லை. ஒரு தடவைகூட. நான் வருகிறேன் என்றும் அவளுக்குத் தெரியாது. நடந்ததை உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் பொது ஆள். தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள். காலேஜ் பட்டிமன்றத்தில் நான் நடுவரைப் பார்த்துப் பேசவே மாட்டேன், கூட்டத்தைப் பார்த்துத்தான் பேசுவேன். கூட்டம் நம் பக்கம் வந்துவிட்டால் நடுவரால் என்ன செய்ய முடியும்?

என் பெயர் எழிலரசி. சமூகவியல் எம்.ஏ. முடித்துவிட்டு ஆராய்ச்சிக்குப் பதிவு செய்திருந்தேன். தலைப்பு தொழிலாளர்கள். ஆனால் ஒரு ஃபேக்டரி கேட்டுக்கு உள்ளே கால் வைத்ததில்லை. அதற்காகவே போன வருடம் மார்ச்சில் கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். கழகம் என்றதும் கட்சி என்று நினைத்துவிடாதீர்கள், என் அப்பாவே எந்தக் கழகம்டி என்றுதான் முதலில் கேட்டார். இது அகில இந்தியப் பணியிடக் காப்புக் கழகம். நாடு முழுக்கக் கிளை. வேலை செய்கிற இடத்தில் யாருக்கும் அடிபடக் கூடாது, உயிர் போகக் கூடாது, அதற்காக வைத்தது. கம்பெனிகள்தான் இதில் உறுப்பினர். போஸ்டர் அனுப்புவோம், பயிற்சி கொடுப்போம், மார்ச்சில் பாதுகாப்பு வாரம் கொண்டாடுவோம், நன்றாக நடக்கிற கம்பெனிக்கு விருது கொடுப்போம்.

தொழிலாளி ஏன் உறுப்பினராக முடியாது என்று முதல் நாளே கேட்டேன். எங்கள் கிளைச் செயலாளர் தாமோதரன் சார், பெரிய ஃபேக்டரியில் மேலதிகாரியாக இருந்து ரிட்டயர் ஆனவர், மெதுவாகப் பேசுவார். ஆஸ்பத்திரி நடத்துகிறவர்கள் சங்கம் வைத்தால் நோயாளியையா சேர்ப்பார்கள் என்றார். நோயாளி இல்லாமல் நீங்கள் ஆஸ்பத்திரி நடத்திக் காட்டுங்கள் சார் என்றேன். ஆபீசே சிரித்தது. அவரும் சிரித்தார். அவரிடம் அது ஒரு கெட்ட குணம், எதைச் சொன்னாலும் கோபப்பட மாட்டார். கோபப்படாதவர்களோடு வாதாடவே முடியாது அக்கா.

சேர்ந்த முதல் வாரமே பாதுகாப்பு வாரம். ஒவ்வொரு கம்பெனியாகப் போய் பச்சை பேட்ஜ் குத்திவிட்டு, எல்லோரையும் வலது கையை நீட்டச் சொல்லி உறுதிமொழி வாங்க வேண்டும். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனி. காருக்கு இரும்பு பாகம் அடித்துக் கொடுக்கிற இடம். பேர் வேண்டாம். அங்கே உறுதிமொழி முடிந்ததும் 'இப்போது அனுபவ உரை' என்றார்கள். ஒல்லியாக ஒரு பெண் மேடை ஏறினாள். அதுதான் யுவராணி. எல்லோருக்கும் வணக்கம், என் பெயர் யுவராணி, நான் அவசரப்பட்டு மெஷினில் கையை விட்டேன், கை போய்விட்டது, என்னை மாதிரி நீங்கள் இருக்காதீர்கள். அவ்வளவுதான். ரேஷன் கடையில் அட்டை நம்பர் சொல்கிற மாதிரி சொன்னாள். அப்புறம் வலது கையைத் தூக்கிக் காட்டினாள். கட்டை விரலும் சுண்டு விரலும் மட்டும் இருந்தது. கைதட்டினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். நினைவுப் பரிசு என்று ஒரு டப்பா கொடுத்தார்கள். உள்ளே என்ன தெரியுமா? ஒரு ஜோடி கையுறை.

எனக்கு ரத்தம் கொதித்தது. வெளியே அவளைப் பிடித்து, இந்தப் பேச்சை யார் எழுதிக் கொடுத்தது என்று கேட்டேன். ஆபீஸ்ல என்றாள். அவசரப்பட்டது நீயா என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "மேடம், உங்களுக்கு டீ சொல்லட்டுமா" என்றாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. கழகத்தில் இந்த மாதிரி அனுபவ உரை ஒரு வழக்கம். அடிபட்டவர்களைக் கூட்டிவந்து பேச வைப்பது. பார்த்தால் மனசில் பதியும் என்பார்கள். நான் தாமோதரன் சாரிடம் சண்டை போட்டு, யுவராணியை எங்கள் கிளையின் பேச்சாளர் ஆக்கினேன். கம்பெனிக்கும் அதில் பெருமை, மாதத்தில் சில நாள் அனுப்பிவைக்க ஒப்புக்கொண்டார்கள். அவள் அப்போது பேக்கிங்கில் உட்கார்ந்து ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தாள், இடது கையால். அதைவிட இது கௌரவம் இல்லையா? ஒரு பெண் தன் வாயால் தன் கதையைச் சொல்வது சின்ன விஷயமா?

ஆனால் சொல்லத் தெரிய வேண்டுமே. நான்தான் பழக்கினேன். முதலில் அவசரப்பட்டேன் என்ற வரியை எடுத்தேன். அப்புறம் ஊர், அப்பா, நெல் அறுப்பு, முதல் சம்பளத்தில் தம்பிக்கு ஷூ வாங்கினது, இதையெல்லாம் முன்னால் கொண்டுவந்தேன். ஆள் யார் என்று தெரிந்தால்தானே கை போனது உறைக்கும்? கையை ஆரம்பத்தில் துப்பட்டாவுக்குள்ளேயே வைத்துக்கொள்ளச் சொன்னேன். அந்த ஒரு நொடி என்று சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும். மூச்சு வாங்குகிற நேரம். பிறகுதான் கை வெளியே வர வேண்டும். அவள் முதலில் கூச்சப்பட்டாள். நான் விடவில்லை. அவள் ரூம் சுவரையே கூட்டமாக நினைத்துப் பேசச் சொல்வேன். கூட இருந்த பெண்கள் ஒரு மூலையில் உட்கார்ந்து சாம்பாருக்குக் காய் நறுக்கிக்கொண்டே, "ஏண்டி, கையக் காட்டற நேரத்துல குக்கர் விசில் வந்துடுச்சு, திருப்பிக் காட்டு" என்று கிண்டல் பண்ணுவார்கள்.

ஆடி மாதத்துக்குள் அவள் பிரமாதமாகிவிட்டாள். இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கூட்டத்தில் ஒரு பெண் மயங்கியே விழுந்துவிட்டாள். டெல்லி தலைமை அலுவலகத்திலிருந்து பாராட்டு வந்தது. நாங்கள் இருவரும் அந்த வட்டாரத்தில் போகாத கம்பெனி இல்லை. கண்ணாடி செய்கிற இடம், டயர் செய்கிற இடம், பிஸ்கட் ஃபேக்டரி. பிஸ்கட் ஃபேக்டரியில் மட்டும் அழுதுகொண்டே சாப்பிட்டார்கள். திரும்பி வருகிற வழியில் யுவராணி சொல்வாள், "நேத்து அஞ்சாறு பேரு அழுதாங்க, இன்னிக்கு ஒருத்தர்னா அழுதாங்களா பாரு. கை பழசாயிடுச்சு எழிலு. புதுசா எதையாவது வெட்டிக்கினு வரணும் போல." அப்படியொரு நகைச்சுவை அவளுக்கு. நான் பஸ்ஸில் விழுந்து விழுந்து சிரிப்பேன்.

ஒருநாள் பஸ்ஸில் முன் சீட்டுக் குழந்தை ஒன்று திரும்பி அவள் கையையே பார்த்தது. அத்தை, உன் விரல் எங்கே என்று கேட்டது. எலி தின்னுடுச்சு என்றாள் யுவராணி. குழந்தை சிரித்தது, அவளும் சிரித்தாள். நான்தான் அன்றைக்கு ரொம்பக் கண்டித்தேன். குழந்தையாக இருந்தாலும் உண்மையைத்தான் சொல்ல வேண்டும், உன் கை ஒரு சாட்சி, அதை வைத்து விளையாடாதே என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்கிவிட்டாள். களைப்பு.

எனக்கு அவளை எவ்வளவு பிடிக்கும் என்று எப்படிச் சொல்வது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் ரூமுக்குப் போய்விடுவேன். தலைக்குக் குளித்திருப்பாள், நான் பின்னிவிடுவேன். இடது கையால் ஒரு மாதிரி முடிந்துகொள்வாளே ஒழிய, கூட இருக்கிறவர்களைத் தொட விடமாட்டாள். என்னை மட்டும் விட்டாள். எனக்கு அக்கா தங்கை கிடையாது. படித்த இடத்திலும் என்னோடு எல்லோரும் விவாதம் செய்வார்கள், பேச மாட்டார்கள். அவள் பேசினாள். தசரதனைப் பற்றி அவள் சொன்னதெல்லாம் அப்போதுதான்.

தசரதன் அவளுடைய அத்தை மகன். அவன்தான் அவளை அந்தக் கம்பெனியில் சேர்த்துவிட்டது. அவள் வேலை செய்த பிரஸ் லைனுக்கு, அதாவது தகடு அடிக்கிற மெஷின் வரிசைக்கு, அவனே லீடர். லீடர் என்றால் பெரிய ஆள் இல்லை அக்கா, தொழிலாளியைவிட ஒரு படி மேல், அதிகாரியைவிடப் பத்து படி கீழ். மேலே இருப்பவர்கள் அவனைத் திட்டுவார்கள், அவன் கீழே இருப்பவர்களைத் திட்ட வேண்டும். இரண்டு பேருக்கும் நிச்சயம் ஆகியிருந்தது. கை போன அன்று அவன்தான் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறான். விரல்களை ஒட்டவைக்க முடியும் என்று யாரோ சொன்னார்களாம், தன் டிபன் பாக்ஸில் இருந்த சோற்றைக் கொட்டிவிட்டு அதில் எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். ஒட்டவில்லை. அதற்கப்புறம் அவன் டிபன் பாக்ஸ் எடுத்துப் போவதே இல்லையாம். மத்தியானம் பட்டினி, இல்லாவிட்டால் பன்னும் டீயும். அவன் அம்மா வேறு பெண் பார்க்கலாம் என்றபோது, கட்டினால் யுவராணியைத்தான் என்று சொல்லிவிட்டான். தையில் கல்யாணம். படவேட்டம்மன் கோயிலில்.

ஆயுத பூஜை வந்தது. கழகத்தின் சார்பில் எல்லா கம்பெனிக்கும் போய் ஒரு நடை பார்த்துவிட்டு வர வேண்டும். யுவராணி கம்பெனிக்கும் போனேன். பிரஸ் ஷாப்பில் மெஷினெல்லாம் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாவிலை கட்டி, பொரியும் சுண்டலும் கொடுத்தார்கள். அங்கேதான் பார்த்தேன். உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். அந்த மெஷினை ஓட்ட இரண்டு பட்டன் உண்டு, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. இரண்டு கையாலும் ஒரே சமயத்தில் அழுத்தினால்தான் மேலே இருக்கிற இரும்பு கீழே இறங்கி அடிக்கும். ஏன் அப்படி வைத்தார்கள்? இரண்டு கையும் பட்டன் மேல் இருந்தால் எந்தக் கையும் உள்ளே மாட்டாது. அவ்வளவு எளிமையான விஷயம். ஆனால் இரண்டு கையையும் பட்டனிலேயே வைத்திருந்தால் தகட்டை உள்ளே வைக்கிற வேகம் குறைகிறது. அதனால் ஒரு பட்டனில் சின்ன மர ஆப்பைச் செருகி, அது எப்போதும் அழுந்தியே இருக்கும்படி செய்துவிடுகிறார்கள். ஒரு கை பட்டனுக்கு, ஒரு கை தகட்டுக்கு.

இன்ஸ்பெக்ஷன் வருகிற நாளில் ஆப்பையெல்லாம் எடுத்து ஒளித்துவிடுவார்கள். பூஜை அன்று மறந்துவிட்டார்கள். மறக்கக்கூட இல்லை அக்கா. ஒவ்வொரு மெஷின் பக்கத்திலும் ஸ்பேனர், சுத்தியல், அதோடு அந்த மர ஆப்பு. வரிசையாக அடுக்கி, அதற்கும் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, ஒரு பூவும் வைத்திருந்தார்கள். நான் பொரியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

அன்றைக்கு நேராக யுவராணி ரூமுக்குப் போய்க் கேட்டேன். உன் மெஷினிலும் ஆப்பு இருந்ததா? யார் வைத்தது? முதலில் பேச்சை மாற்றினாள். நான் விடவில்லை. கடைசியில் சொன்னாள்.

"மாமாதான். எல்லா லைன்லயும்தான் வெக்கிறாங்க. மேல இருக்கறவங்க வாயால சொல்வாங்க, இவங்க கையால வெப்பாங்க. அன்னிக்கு என் மெஷின்ல ஆப்பு நிக்காம நழுவிக்கினே இருந்துச்சு. மாமாதான் வந்து தட்டி வெச்சிட்டுப் போச்சு. எழிலு, இத நீ யார்கிட்டயும் சொல்லக் கூடாது. எனக்குத் தாலி கட்டப்போற ஆளு அது."

சரி என்றேன்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும் அக்கா. சரி என்றுதான் சொன்னேன். சத்தியம் பண்ணவில்லை. ஒருவர் மனம்விட்டு அழுதுகொண்டு சொல்லும்போது சரி சரி என்று முதுகைத் தடவுகிறோமே, அந்தச் சரி. அது ஒப்பந்தமா? நீங்களே சொல்லுங்கள். சரி, அதை விடுங்கள்.

ஜனவரி முதல் வாரம் கழகத்தின் அகில இந்திய மாநாடு. இந்தத் தடவை சென்னையில். டெல்லியிலிருந்து தலைவர், எல்லா மாநிலக் கிளைகள், பெரிய பெரிய கம்பெனி ஆட்கள். யுவராணியின் அனுபவ உரை நிகழ்ச்சியிலேயே முக்கியம். ஆறேழு வாரம் நான் அவளைத் தயார் செய்தேன். ஆப்பைப் பற்றிச் சொல், யார் வைத்தது என்று சொல்ல வேண்டாம், ஆப்பு இருந்தது என்று மட்டும் சொல் என்றேன். தலையாட்டினாள். சுவரைப் பார்த்துச் சொல்லியும் காட்டினாள். நன்றாக வந்தது.

முந்தின நாள் தாமோதரன் சாரிடம் நாளைக்கு ஒரு உண்மை வெளியே வரப்போகிறது சார் என்றேன். என்ன உண்மை என்று அவர் கேட்கவில்லை. "அந்தப் பொண்ணுகிட்ட நல்லாக் கேட்டுக்கிட்டியாம்மா? நாளைக்கு மறுநாள் வேலைக்குப் போகப்போறது அவதான்" என்றார். பாருங்கள், கழகத்துச் செயலாளர் பேசுகிற பேச்சா இது? பயந்த மனிதர். முப்பது வருடம் மேனேஜ்மென்டில் இருந்தவர் வேறு எப்படிப் பேசுவார்.

மாநாட்டில் யுவராணி மேடை ஏறினாள். நான் வாங்கிக்கொடுத்த மாம்பழ நிறச் சுடிதார். மைக்கைப் பிடித்தாள். முன் வரிசையில் அவள் கம்பெனி ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் எங்கேயோ தசரதனும் இருந்தான், கம்பெனி வேனில் எல்லா லீடரையும் கூட்டிவந்திருந்தார்கள். அவள் பேசினாள். எல்லோருக்கும் வணக்கம், என் பெயர் யுவராணி, நான் அவசரப்பட்டு மெஷினில் கையை விட்டேன். அக்கா, மார்ச்சில் பேசின அதே நாலு வரி. ஒரு வார்த்தை மாறவில்லை. ஒரு வருட உழைப்பு. கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டாள். பொன்னாடை போர்த்தினார்கள்.

எனக்கு எப்படி இருந்திருக்கும் யோசித்துப் பாருங்கள். அவ்வளவு பேர் முன்னால் தன் கை போனதற்குத் தானே பொறுப்பு என்று ஒரு பெண் சொல்கிறாள், ஒரு ஹாலே கைதட்டுகிறது. எனக்கு அன்றைக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார்கள், நன்றியுரை. நன்றியுரையை யாரும் கேட்க மாட்டார்கள். சாப்பாட்டு வாசனை வந்துவிடும், எழுந்து போக ஆரம்பித்துவிடுவார்கள், அதனால்தான் சின்னப் பெண்ணிடம் கொடுப்பார்கள். தலைவருக்கு நன்றி, உறுப்பினர் நிறுவனங்களுக்கு நன்றி என்று ஆரம்பித்தேன். பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். அப்புறம் சொன்னேன், ஒவ்வொரு வருடமும் இயந்திரங்களில் ஆப்பு வைக்கச் சொல்லும் நிர்வாகங்களுக்கும், அந்த ஆப்புக்குக் குங்குமம் வைத்துக் கும்பிடும் தொழிற்சாலைகளுக்கும் நன்றி. இப்போது பேசிய யுவராணியின் இயந்திரத்தில் ஆப்பைத் தட்டிவைத்த லைன் லீடருக்கும் நன்றி. அவருக்கு உத்தரவு கொடுத்தவர்கள் இதே ஹாலில் இருக்கிறார்கள், அவர்களுக்கும் நன்றி. எழுந்தவர்கள் அப்படியே நின்றார்கள். என் வாழ்க்கையில் அப்படி ஒரு அமைதியை நான் எந்த மேடையிலும் வாங்கியதில்லை.

பெயர் சொல்லவில்லை. இதை நான் எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வேன். லைன் லீடர் என்றுதான் சொன்னேன். அவள் லைனுக்கு ஒரே ஒரு லீடர்தான் என்றால் அது என் குற்றமா? நான் அமைப்பைப் பற்றிப் பேசினேன் அக்கா. ஒரு முழு அமைப்பு. அவர்கள் அதில் ஒரு ஆளை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டார்கள்.

யுவராணி முன் வரிசையில் பொன்னாடையோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெருமைப்படுகிறாள் என்று நினைத்தேன். கூட்டம் கலைந்ததும் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேன். மெதுவாக விடுவித்துக்கொண்டாள். "நல்லாப் பேசின எழிலு. நான் சொல்லியிருந்தா இவ்ளோ நல்லா வந்திருக்காது" என்றாள். வேனில் ஏறிப் போய்விட்டாள். அவள் என்னிடம் கடைசியாகப் பேசினது அதுதான். எத்தனையோ பாராட்டு வாங்கியிருக்கிறேன், இதை மட்டும் எந்தப் பக்கம் வைப்பது என்று இன்னும் தெரியவில்லை.

அடுத்த வாரமே கம்பெனி ஒரு விசாரணைக் குழு போட்டது. பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே செயலிழக்கச் செய்தான் என்று தசரதனை வேலையைவிட்டு எடுத்தார்கள். மற்ற லீடர்கள் ஆப்பே பார்த்ததில்லை என்றார்கள். மேலே இருப்பவர்களைப் பற்றி நான் சொன்னதை யாரும் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. அவள் ரூமில் இருந்த பெண்தான் போனில் சொன்னாள், போலீஸ் வந்து தசரதனைக் கூட்டிப்போய் உட்காரவைத்து விசாரித்ததாம். அவன் அம்மா யுவராணி ஊருக்கே போய், வீட்டு விஷயத்தைச் சந்தியில் போட்டுட்டியே, கை போனவளை ஏத்துக்கிட்டதுக்கு எங்களுக்கு இதுவா என்று மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாளாம். கல்யாணம் நின்றது. தசரதன் திருப்பூர் பக்கம் போய்விட்டான் என்றாள். அதற்கெல்லாம் முன்னாலேயே, பொங்கலுக்கு முந்தின நாள், யுவராணி பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போயிருந்தாள். மாம்பழ நிறச் சுடிதாரை ரூமிலேயே விட்டுவிட்டாள்.

என்னைக் கழகம் பிப்ரவரியோடு போதும் என்றுவிட்டது. அதற்கு நான் வருத்தப்படவில்லை. மார்ச்சில் அந்தக் கம்பெனிக்கு விருது கொடுத்தார்கள். குறையைக் கண்டுபிடித்து உடனே சரிசெய்ததற்காம். தாமோதரன் சார் ஒருநாள் வீட்டுக்குப் போன் செய்தார். அந்தப் பெண்ணைப் பார்த்தாயா என்று கேட்டார். போனை எடுக்கவில்லை சார் என்றேன். "அப்ப விட்டுடும்மா" என்றார். விட்டுவிடு. அவ்வளவு சுலபமாகச் சொல்கிறார். அவருக்கு என்ன, அவர் யாருக்கும் தலை பின்னிவிட்டதில்லை.

நான் ஏன் போகிறேன் என்றால், ஒரு வக்கீலைப் பார்த்து வைத்திருக்கிறேன். அவள் மட்டும் வந்து நடந்ததை நடந்தபடி சொன்னால் போதும், தசரதனுக்கும் சேர்த்தே நியாயம் வாங்கலாம். அதற்காகத்தான் போகிறேன். வேறு எதற்கும் இல்லை.

அழவில்லை அக்கா, ஜன்னலில் தூசி.

உங்களிடம் ஒரு உதவி கேட்கட்டுமா? உங்கள் போனிலிருந்து அவளுக்கு ஒரு கால் போடுங்கள். என் நம்பரைப் பார்த்தால் எடுக்க மாட்டாள். வீட்டில் இருக்கிறாளா என்று மட்டும் தெரிந்தால் போதும், இவ்வளவு தூரம் வந்துவிட்டு அவள் இல்லாமல் போய்விட்டால்? என் பெயரைச் சொல்ல வேண்டாம். எடுத்ததும் வீட்டில் இருக்கிறாயா என்று கேட்டுவிடாதீர்கள், சந்தேகம் வரும். முதலில், யுவராணிதானே, உன் கை இப்போது எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். அப்படிக் கேட்டால் அக்கறையாகத் தெரியும். அப்புறம் நிதானமாக ஊரில்தான் இருக்கிறாயா என்று கேட்கலாம். நம்பர் சொல்கிறேன். ஸ்பீக்கரில் போடுங்கள். சத்தம் குறைத்து.

"அலோ. ஆமாங்க, யுவராணிதான். யாருங்க?"

பேசுங்கள் அக்கா. ம், கையைக் கேளுங்கள்.

"எந்தக் கம்பெனிலேர்ந்துங்க பேசறீங்க? இல்லீங்க, நான் இப்ப எங்கியும் வந்து பேசறதில்லீங்க. கை சரியாயிடுச்சுங்க. ஆமாங்க, நல்லாவே ஆயிடுச்சு. வெரலெல்லாம் நல்லா மடக்க வருது. வேற யார்னா இருப்பாங்க, பாத்துக்குங்க. வெச்சிடறேன்."

வைத்துவிட்டாள்.

பரவாயில்லை அக்கா, நீங்கள் சரியாகத்தான் கேட்டீர்கள். உங்கள் மேல் தப்பு இல்லை. திரும்பப் போட வேண்டாம். போனை உள்ளே வையுங்கள்.

குரல் எவ்வளவு தெளிவாக இருந்தது பார்த்தீர்களா? பின்னால் கோழி சத்தம்கூடக் கேட்டது. அவள் விரலெல்லாம் மடக்க வருகிறது என்றபோது, உங்களுக்கு எப்படி இருந்ததோ தெரியாது, ஒரு நொடி நான் நம்பிவிட்டேன். நான், பக்கத்திலேயே இருந்து பார்த்தவள், நம்பிவிட்டேன். சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்புறம்தான் தூக்கிவாரிப் போட்டது. யார் மிரட்டி இப்படிச் சொல்ல வைத்தார்கள்? கம்பெனிக்காரர்கள் இங்கேயும் வந்திருக்கிறார்களா? தானாகவே ஒரு பெண் இப்படிச் சொல்வாளா அக்கா?

வந்தவாசி வந்துவிட்டது. அதோ அவள் ஊர் பஸ், புறப்படத் தயாராக நிற்கிறது. என்ன அப்படிப் பார்க்கிறீர்கள்? போக வேண்டாம் என்கிறீர்களா? நீங்களும் தாமோதரன் சார் மாதிரியே பார்க்கிறீர்களே. நீங்களே காதால் கேட்டீர்கள். கை சரியாகிவிட்டது என்று சொல்கிறாள். இதைக் கேட்ட பிறகு நான் எப்படித் திரும்பிப் போவேன்? யாராவது ஒருத்தர் போய் அவளுக்கு உண்மையை எடுத்துச் சொல்ல வேண்டாமா?